நாற்காலியை நகர்த்தாதே!

உயில் என்றால் நமக்குத் தெரியும். மூத்தவனுக்கு வீடு, இளையவனுக்கு நிலம், மகளுக்கு நகை, கடைசிவரை கஞ்சி வைத்துக் கொடுத்த மருமகளுக்கு ஆசீர்வாதம். பாரிஸ் நகரத்து யூத வங்கியாளர் மொயீஸ் த கமோந்தோ 1924இல் எழுதிய உயில் வேறு ரகம். அவருடைய கவலையெல்லாம் நாற்காலிகளைப் பற்றியது.

‘என் மாளிகையையும் உள்ளே இருக்கும் அத்தனை சாமான்களையும் பிரான்சின் அலங்காரக் கலைச் சங்கத்துக்குக் கொடுக்கிறேன். அருங்காட்சியகமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எதையும் இடம் மாற்றக் கூடாது. எதையும் வெளியே இரவல் கொடுக்கக் கூடாது. புதிதாக எதையும் கொண்டுவந்து சேர்க்கக் கூடாது. வீடு எப்போதும் சுத்தமாக இருக்க வேண்டும்.’ உயிலின் சாரம் இதுதான். நவராத்திரி முடிந்த பிறகும் கொலுவைக் கலைக்க விடாமல் படியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்ட மாமாவைக் கற்பனை செய்யுங்கள். அவர்தான் மொயீஸ்.

ஒரு மனுஷனுக்கு ஏன் இப்படி நாற்காலிப் பித்து பிடித்தது? கதை துருக்கியில் தொடங்குகிறது.

கொள்ளுத்தாத்தாவின் படிக்கட்டு

கமோந்தோக்கள் இஸ்தான்புல்லில் வாழ்ந்த யூதர்கள். 1802இல் வங்கி ஆரம்பித்தார்கள். மொயீஸின் கொள்ளுத்தாத்தா ஆப்ரகாம் சலோமோன் காலத்தில் அது ஓட்டோமான் அரசாங்கத்துக்கே கடன் கொடுக்கும் அளவுக்கு வளர்ந்தது. கடன் கொடுப்பது யாருக்கும் வரும். சுல்தானுக்குக் கடன் கொடுத்துவிட்டு, தலை கழுத்திலேயே இருக்கும்படி திரும்ப வாங்குவது தனிக் கலை. கொள்ளுத்தாத்தா அதில் கரைகண்டவர். வந்த லாபத்தில் ஊரில் பாதிக் கட்டடங்களை வாங்கிப் போட்டார் என்று சொல்லும்படி சொத்து சேர்த்தார். கலாட்டா மேட்டில் இவர்கள் குடும்பம் கட்டிக்கொடுத்த வளைந்து வளைந்து ஏறும் படிக்கட்டு இன்றும் இருக்கிறது. ஒரு காலத்தில் வட்டிக்கணக்கோடு ஏறிய படியில் இப்போது சுற்றுலாப் பயணிகள் செல்ஃபியோடு ஏறுகிறார்கள்.

இத்தாலிக்குக் கொள்ளுத்தாத்தா அள்ளிக் கொடுத்த நன்கொடைக்குக் கைமாறாக, 1867இல் அந்நாட்டு அரசர் இரண்டாம் விக்டர் இம்மானுவேல் பரம்பரைப் பிரபு பட்டம் கொடுத்தார். குடியிருப்பது துருக்கியில், பட்டம் இத்தாலியில், போய்ச் சேர்ந்தது பிரான்சில். 1869இல் குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு பாரிசுக்கு வந்தபோது மொயீசுக்கு ஒன்பது வயது. கொள்ளுத்தாத்தா 1873இல் பாரிசில் கண்ணை மூடினார். உடலை இஸ்தான்புல்லுக்கே கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். அந்தக் குடும்பத்தில் சொந்த ஊர் எது என்று சந்தேகமில்லாமல் தெரிந்துவைத்திருந்த கடைசி ஆள் அவர்தான்.

பாரிசில் அவர்கள் இறங்கிய இடம் மோன்சோ பூங்காவை ஒட்டிய மோன்சோ தெரு. ரோத்ஷில்டுகள், எஃப்ருசிகள் என்று அந்தத் தெருவில் கல்லெறிந்தால் ஒரு வங்கியாளர் மேல் விழும். கல்லெறியவும் ஆள் இருந்தது. 1886இல் எதுவார் த்ருமோன் என்பவர் ‘யூதப் பிரான்ஸ்’ என்று ஒரு தடித்த புத்தகம் எழுதினார். நாட்டில் நடக்கும் கெட்டதுக்கெல்லாம் யூதர்களே காரணம் என்பது அதன் கண்டுபிடிப்பு. புத்தகம் சுடச்சுட விற்றது. எட்டு வருஷம் கழித்து, யூதர் என்ற காரணத்தால் டிரைஃபஸ் என்ற ராணுவ அதிகாரியைத் துரோகி என்று தீர்ப்பளித்து, பிறகு தீவுச் சிறைக்கு அனுப்பினார்கள். பணம் இருந்தது, பட்டம் இருந்தது, பிரெஞ்சும் நாக்கில் புரண்டது. ‘நீ எந்த ஊர்?’ என்ற கேள்வி மட்டும் போகவில்லை.

படத்தில் இருந்த பெண்

1891இல் மொயீஸ் கல்யாணம் செய்துகொண்டார். அவருக்கு 31 வயது, பெண்ணுக்கு 19. பெயர் இரேன் கயென் தான்வேர். பெயர் தெரியாவிட்டாலும் அவள் முகம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீல ரிப்பன் கட்டிய செம்பட்டைக் கூந்தல் முதுகில் வழிய, பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருக்கும் சிறுமியின் படத்தை உலகம் முழுக்க காலண்டரிலும் பிஸ்கட் டப்பாவிலும் அச்சடித்திருக்கிறார்கள். எட்டு வயதில் அவளை உட்காரவைத்து வரைந்தவர் ரெனுவார்.

பெற்றோருக்குப் படம் பிடிக்கவில்லை. அவளுடைய தங்கைகள் இருவரையும் வரைந்த அடுத்த படம் வேலைக்காரர்கள் பகுதியில் தொங்கியது என்பார்கள். கொடுத்தது 1,500 பிராங்க். அதையும் இழுத்தடித்துத்தான் கொடுத்தார்கள். இன்றைக்கு விலை மதிக்க முடியாத ஓவியத்துக்கு அன்றைக்குப் பேரம் பேசியவர்கள் வங்கியாளர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பங்குச்சந்தை ஆலோசகர் பேசும்போது உதவும்.

கல்யாணத்தில் நிசீம் என்று ஒரு மகன், பெயாத்ரிஸ் என்று ஒரு மகள். பிறகு ஒரு குதிரைக் கதை. கமோந்தோ வீட்டுக் குதிரை லாயத்தைக் கவனித்துக்கொள்ள சாம்பியேரி என்ற இத்தாலியப் பிரபு வந்தார். குதிரைகளை நன்றாகத்தான் கவனித்தார். எஜமானியம்மாளை அதைவிட நன்றாகக் கவனித்தார். இரேன் அவரோடு போய்விட்டாள். 1902இல் விவாகரத்து. கத்தோலிக்க மதத்துக்கு மாறி அடுத்த வருஷமே அவரைக் கல்யாணமும் செய்துகொண்டாள். அதுவும் நெடுநாள் நிலைக்கவில்லை என்பது வேறு விஷயம். குழந்தைகள் அப்பாவிடம் இருந்தார்கள்.

பாரிஸ் வரவேற்பறைகள் இந்தச் செய்தியை எப்படி மென்றிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அன்றிலிருந்து, தானாக நடந்து வெளியே போகாத பொருள்களின் மேல் மொயீசுக்குப் பிரியம் கூடிவிட்டது.

சித்திரம் முதலில், சுவர் பிறகு

மொயீசுக்கு ஈசாக் என்று ஒரு ஒன்றுவிட்ட அண்ணன். கல்யாணம் கட்டாத ரசிகர். ஒரு ஆப்பராவுக்கு இசையே அமைத்தவர். மானே, மோனே, தெகா, செசான் என்று உயிரோடு இருப்பவர்கள், அப்போதுதான் போய்ச்சேர்ந்தவர்கள் வரைந்ததையெல்லாம் வாங்கிக் குவித்தார். புல்லாங்குழல் ஊதும் மானேயின் சிறுவன் அவர் வீட்டில்தான் ஊதிக்கொண்டிருந்தான். 1911இல் ஈசாக் இறந்தபோது அத்தனையும் லூவ்ர் அருங்காட்சியகத்துக்குப் போயின.

மொயீசுக்கு இந்தப் புது விளையாட்டெல்லாம் ஆகாது. அவருக்கு 18ஆம் நூற்றாண்டு வேண்டும். பிரெஞ்சு 18ஆம் நூற்றாண்டு மட்டும். பதினைந்தாம் லூயி உட்கார்ந்தது, பதினாறாம் லூயி சாய்ந்தது, மரி அந்துவானெத் தொட்டது என்றால் எத்தனை பணம் ஆனாலும் வாங்குவார். ஒரு ஜோடியில் ஒன்று கிடைத்தால், தொலைந்த இன்னொன்றை வருஷக்கணக்கில் தேடுவார். சொந்த வாழ்க்கையில் ஜோடி போனவருக்கு நாற்காலியாவது ஜோடியாக இருக்க வேண்டும் என்று தோன்றியிருக்கலாம்.

அப்பா விட்டுப்போன, மோன்சோ தெரு 63ஆம் எண் மாளிகை அவர் முழு வசத்துக்கு வந்தது. முதல் காரியமாக அதை இடித்தார். அந்த இடத்தில் ரெனே செர்ஷான் என்ற கட்டடக் கலைஞர் 1914க்குள் புதிதாக ஒன்றைக் கட்டி எழுப்பினார். மாதிரி, வெர்சாயில் இருக்கும் பெத்தி த்ரியானோன். பதினைந்தாம் லூயி தன் ஆசைநாயகிக்காகக் கட்ட ஆரம்பித்து, பேரன் லூயி தன் மனைவி மரி அந்துவானெத்துக்குக் கொடுத்த குட்டி அரண்மனை அது. 

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம் பழமொழி. மொயீஸ் அதைத் தலைகீழாக நிறுத்தினார். பழைய பாரிஸ் வீடுகளிலிருந்து கழற்றிய வேலைப்பாடு மிக்க மரப் பலகைகளை முதலில் வாங்கி வைத்துக்கொண்டு, அவற்றின் அளவுக்கு அறைகளைக் கட்டச் சொன்னார். பித்தானை வைத்துக்கொண்டு சட்டை தைத்த கதை. ஆனால் கச்சிதமாகத் தைத்துவிட்டார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் 18ஆம் நூற்றாண்டை நம்பவில்லை. அது குளியலறை. வெர்சாய் அரண்மனையில் லூயிகள் எப்படி நாறினார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆகவே வெந்நீர்க் குழாய், பளபளக்கும் ஓடு பதித்த குளியலறை, மின்தூக்கி, ரயில் எஞ்சின்போல இரும்பு அடுப்பு உட்கார்ந்திருக்கும் சமையலறை. வரவேற்பறையில் 1780, கொல்லைப்புறத்தில் 1914.

உள்ளே சேர்ந்த சாமான்களுக்கும் ஒவ்வொரு கதை. லூவ்ரின் நீண்ட கூடத்துக்காகப் பதினான்காம் லூயி 93 கம்பளங்களை நெய்யச் சொன்னார். நெய்து முடிப்பதற்குள் மகாராஜா வெர்சாய்க்குக் குடிபோய்விட்டார். அதில் ஒன்று மொயீஸ் வீட்டுத் தரையில் விழுந்தது. சாப்பாட்டு அறையில் இருந்த வெள்ளிப் பாத்திரங்கள் ரஷ்ய மகாராணி காதரின் தன் காதலன் ஒர்லோவுக்காகப் பாரிசில் செய்யச் சொன்ன 3,000 உருப்படிகளைச் சேர்ந்தவை. புருஷனை அரியணையிலிருந்து இறக்க உதவி செய்தவனுக்குச் செய்த பதில் மரியாதை. பிறகு அவனும் அலுத்துப்போனான். அவன் செத்த பிறகு, கொடுத்த சீரை மகாராணியே காசு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டாள். வெர்சாயில் பதினாறாம் லூயி சீட்டாடிய அறைக்காகச் செய்த மடக்குத் திரையும் வந்து சேர்ந்தது. மரி அந்துவானெத் வைத்திருந்த, மரம் கல்லாகிப்போன பாறையில் குடைந்த இரண்டு ஜாடிகளும் வந்து சேர்ந்தன.

இந்தப் பட்டியலில் ஒன்றைக் கவனித்தீர்களா? சீட்டாடிய லூயியின் தலையையும், ஜாடி வைத்திருந்த ராணியின் தலையையும் 1793இல் பிரெஞ்சுக்காரர்களே வெட்டினார்கள். அந்த வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் பிறகு ஏலத்துக்கு வந்தது. ‘இந்த ஊர் தன் சொந்த ராஜாவையே இப்படிச் செய்தது’ என்று நாற்காலிகள் வாய்விட்டுச் சொல்லியிருக்கும். ஆனால் யாரும் நாற்காலியிடம் பேச்சுக் கொடுப்பதில்லை. உட்காருவதோடு சரி.

தட்டில் பறவை, எதிரே யாருமில்லை

வீடு முடிந்தது, 1914இல் போர் வந்தது. நிசீம் ராணுவத்தில் சேர்ந்தான். முதலில் குதிரைப் படை, பிறகு விமானப் படை. மேலிருந்து எதிரியின் பதுங்குகுழிகளைப் படம் பிடிப்பது வேலை. 1917 செப்டம்பர் 5 அன்று லொரேன் பகுதியில் நடந்த வான்சண்டையில் விமானத்தோடு விழுந்தான். 25 வயது. துக்கம் விசாரித்து எழுதியவர்களில் நாவலாசிரியர் மார்செல் ப்ரூஸ்டும் ஒருவர்.

யாருக்காக வீடு கட்டினாரோ அவன் இல்லை. மொயீஸ் வங்கியை மெல்ல இழுத்து மூடினார். சுல்தானுக்குக் கடன் கொடுத்த கடை, ஒரு பையன் செத்ததும் ஷட்டரை இறக்கிவிட்டது. மிச்சம் இருந்தது சாமான் சேர்க்கும் வேலை மட்டும். இரண்டு போர்களுக்கு நடுவில் பாரிஸ் ஜாஸ் இசைக்குக் குதித்துக்கொண்டிருந்தது, பெண்கள் பாவாடையின் நீளத்தைக் குறைத்தார்கள், ஓவியர்கள் மூக்கை நெற்றியில் வரைந்தார்கள். மோன்சோ தெருவில் மட்டும் காலம் 1789க்கு முந்தின நாளிலேயே நின்றது. பாரிஸ் அன்று அறிந்த மாபெரும் புரட்சி எதிர்ப்பாளர் அவர்தான். ஆயுதம், டேப் அளவுகோல்.

அதற்காக அவர் அழுதுவடிந்த கிழவர் என்று நினைக்க வேண்டாம். நல்ல சாப்பாட்டு ராமர். நூறு பேருக்கு மேல் சேர்க்க மாட்டோம் என்ற பாரிஸ் சாப்பாட்டு ரசிகர்கள் சங்கத்தில் அவரும் இருந்தார். கார் என்றால் உயிர். லூவ்ர் நண்பர்கள் சங்கத்தில் துணைத் தலைவர். நிபுணர்களை விருந்துக்கு அழைத்து, சாப்பாடு முடிந்ததும் ஒவ்வொரு அறையாகக் கூட்டிப்போய்க் காட்டுவார். ஓசிச் சாப்பாட்டுக்கு யார்தான் நாற்காலியைப் புகழ மாட்டார்கள்?

விருந்தாளிகள் இல்லாத நாளில் அவர் சாப்பிட்டது ஒரு சின்ன அறையில். சுற்றிலும் கண்ணாடி அலமாரி. அதற்குள் 1780களில் செவ்ர் பீங்கான் ஆலையில் செய்த தட்டுகள். இயற்கை விஞ்ஞானி புஃபோனின் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொரு தட்டிலும் ஒரு பறவையை வரைந்து, அதன் பெயரைத் தட்டின் அடியில் எழுதியிருப்பார்கள். அத்தனை பறவையும் பார்த்துக்கொண்டிருக்க, அறுபது வயதைத் தாண்டிய மனுஷர் தனியாகச் சாப்பிட்டார். ஒரு பறவையும் ‘இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று சொல்லவில்லை.

மகள் பெயாத்ரிஸ், லெயோன் ரெய்னாக் என்ற இசைக் கலைஞரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அறிஞர்கள் நிறைந்த யூதக் குடும்பம். ஃபானி, பெர்த்ரான் என்று இரண்டு குழந்தைகள். கொஞ்ச நாள் அப்பா வீட்டிலேயே இருந்துவிட்டுத் தனிக்குடித்தனம் போனார்கள். தவழ ஆரம்பித்த குழந்தையையும் லூயி காலத்துப் பீங்கானையும் ஒரே கூரையின் கீழ் வைத்துப் பார்த்தவர்கள் காரணம் கேட்க மாட்டார்கள்.

மொயீஸ் 1935 நவம்பரில் இறந்தார். 1936 டிசம்பரில் வீடு அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அவர் பெயரில் அல்ல, மகன் பெயரில்: நிசீம் த கமோந்தோ அருங்காட்சியகம். கதை இங்கே முடிந்திருந்தால் நானும் ஒரு ஜோக்கோடு முடித்திருப்பேன்.

எது நகர்ந்தது

1940 ஜூனில் ஜெர்மானியர்கள் பாரிசுக்குள் வந்தார்கள். அக்டோபரில் பிரெஞ்சு அரசே, யாரும் பெரிதாக வற்புறுத்தாமல், யூதர்களுக்கெதிரான சட்டத்தைக் கொண்டுவந்தது. பெயாத்ரிஸ் பயப்படவில்லை. பயப்பட என்ன இருக்கிறது? அண்ணன் நாட்டுக்காக உயிரைக் கொடுத்தவன். அப்பா நாட்டுக்கு வீட்டைக் கொடுத்தவர். பெரியப்பா ஈசாக் லூவ்ருக்கு ஓவியங்களைக் கொடுத்தவர். அவள் பாட்டுக்குத் தினமும் பூங்காவில் குதிரை ஓட்டினாள், சில நாள் ஜெர்மன் அதிகாரிகளோடும். கத்தோலிக்க மதத்துக்கும் மாறினாள்.

1941இல், பாட்டி வீட்டு வழியாக அவளுக்கு வந்திருந்த ரெனுவார் படத்தை, பத்திரமாக இருக்கட்டும் என்று வைத்திருந்த ஷாம்போர் கோட்டையிலிருந்து நாஜிகள் தூக்கிக்கொண்டு போனார்கள். ஹிட்லரின் வலதுகை கோயரிங் கைக்குப் போனது. திருடிய ஓவியங்களில் நல்லதாகப் பொறுக்க அவர் சுமார் 20 தடவை பாரிசுக்கு வந்து போனவர். நவீன ஓவியம் சீரழிந்த கலை என்பது அவர்கள் கட்சிக் கொள்கை. ஆகவே எட்டு வயது இரேனைக் கொடுத்துவிட்டு ஒரு பழைய இத்தாலிய ஓவியத்தைப் பண்டமாற்றாக வாங்கிக்கொண்டார். கொள்கை என்றால் கொள்கை.

லெயோன் ரெய்னாக் அருங்காட்சியகத் துறைக்குக் கடிதம் எழுதினார். இரண்டு குடும்பங்களும் பிரான்சுக்குக் கொடுத்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லிப் படத்தைத் திருப்பித் தரக் கேட்டார். பயன் இல்லை. அதற்கடுத்த வருஷம் படத்தை விட்டுவிட்டு ஆட்களைப் பிடித்தார்கள். பெயாத்ரிசையும் ஃபானியையும் பாரிஸ் பக்கம் பிடித்தார்கள். ஸ்பெயினுக்குத் தப்பப் பார்த்த லெயோனையும் பெர்த்ரானையும் தெற்கே பிடித்தார்கள். நாலு பேரும் திரான்சி முகாமுக்குப் போனார்கள். அதைக் காவல் காத்தவர்கள் பிரெஞ்சு ஜென்டார்ம்கள்.

1943 நவம்பர் 20 அன்று லெயோனையும் குழந்தைகள் இருவரையும் ரயிலில் ஏற்றினார்கள். 1944 மார்ச்சில் பெயாத்ரிசை ஏற்றினார்கள். போய்ச் சேர்ந்த இடம் ஆஷ்விட்ஸ். அவள் 1945 ஜனவரி தொடக்கம்வரை உயிரோடு இருந்தாள். சோவியத் படை அங்கே வந்தது ஜனவரி 27.

பாரிசில் இரேனின் தாய்வீடு பசானோ தெருவில் இருந்தது. அந்த மாளிகையை 1944இல் திரான்சியின் கிளை முகாமாக ஆக்கினார்கள். யூதக் கைதிகளை அங்கே உட்காரவைத்து வேலை வாங்கினார்கள். 1,500 பிராங்குக்குப் பேரம் பேசிய வீடு அது. ரெனுவார் வரைந்த தங்கைகளில் எலிசபெத்தும் அதே 1944இல் ஆஷ்விட்ஸ் ரயிலில் ஏற்றப்பட்டு உயிரிழந்தாள். படத்தில் நீல இடைக்கச்சோடு நிற்பவள்.

இரேன் பிழைத்துக்கொண்டாள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஊரே காறித்துப்பிய அந்தக் கத்தோலிக்கக் கல்யாணமும் இத்தாலியப் பெயரும் அவளைக் காப்பாற்றின. குடும்பத்தில் வேறு யாரும் மிச்சமில்லாததால் மகளின் சொத்து தாய்க்கு வந்தது. அவள் விட்டுப்போன கமோந்தோ பணம் சுற்றிக்கொண்டு அவளிடமே வந்து சேர்ந்தது. ரெனுவார் படமும் திரும்பக் கிடைத்தது. 1949இல் அதை விற்றாள். வாங்கியவர் எமில் பூர்லே, போரில் ஜெர்மனிக்குப் பீரங்கி விற்றுப் பணம் பண்ணிய சுவிஸ் ஆயுத வியாபாரி. படம் இன்று சூரிக்கில் இருக்கிறது. இரேன் 1963இல், 91 வயதில் இறந்தாள்.

மொயீசைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். நானும் இவ்வளவு நேரம் அதைத்தான் செய்தேன். ஆனால் அவர் தப்புக்கணக்குப் போட்டவரல்ல, வங்கியாளர். நாட்டுக்கு என்ன கொடுத்தால் நாட்டின் மனிதராக ஏற்றுக்கொள்வார்கள் என்று கணக்குப் பார்த்தார். மகனைக் கொடுத்தார், வீட்டைக் கொடுத்தார், ஒரு ஸ்பூன் விடாமல் கொடுத்தார். பிரான்ஸ் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டது. உயிலில் சொன்னபடி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டது. ஆட்களைப் பற்றி உயிலில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

பாரிசுக்குப் போனால் 63, மோன்சோ தெருவுக்குப் போய்ப் பாருங்கள். பறவைத் தட்டுகள் அலமாரியில் இருக்கின்றன. சமையலறையில் செப்புப் பாத்திரங்கள் மின்னுகின்றன. உள்ளே போவதற்கு முன்னால் நுழைவாயில் சுவரில் பதித்த கல்வெட்டைப் படித்துவிட்டுப் போங்கள். அதில் நாலு பெயர்கள் உண்டு: பெயாத்ரிஸ், லெயோன், ஃபானி, பெர்த்ரான். கடைசி இருவருக்கும் வயது 23, 20.